எடைமேடையில் நின்ற வேன்

வேனை விற்க வந்த குல்லாக்காரர் ஏறியபோது அதன் படி முனகவில்லை. அவருக்கு முன்னால் அவள் கணவன் ஏறியபோது அதே இரும்புப் படி இழுத்து முனகியது, வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆனால் பின்னாலேயே ஏறிய இந்த ஆள், பார்வைக்கு அவனைவிட ஒரு சுற்றுப் பெருத்தவர், பூனை நுழைவதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். அவள் கவனித்தாள். தேங்காயைக்கூடக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்காமல் வாங்காதவள், பிழைக்க வந்த தேசத்தில் பழைய கேம்பர் வேன் வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டா நிற்பாள்?

அவள் கணவனுக்கு ஊர் ஊராகப் போய்க் குளிர்பதன இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. போகிற இடத்திலெல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு அறை கிடைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அதனால் படுக்கையும் அடுப்புமுள்ள ஒரு வேனையே வீடாக்கிக்கொள்வதென்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். இருந்த அறையையும் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று.

உள்ளே, பூட்டிய அலமாரியில் நாள்பட்ட கம்பளியின் வாசனை. அதற்கும் அடியில், இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையின் வெதுவெதுப்பான வாசனை. அவள் மெத்தையில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

“இதுல யாராவது தங்கியிருக்காங்களா?”

“வாங்கினவங்க எல்லாரும் நல்லாத் தூங்கியிருக்காங்க” என்றார் குல்லாக்காரர். “ஒரு ராத்திரி உள்ள படுத்துப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்.”

இந்தக் காலத்தில் இவ்வளவு தாராளமாகச் சாவியைக் கொடுக்கிறாரே என்று கணவன் பூரித்துப்போனான். அவனுக்கு யார் சிரித்தாலும் சொந்தக்காரர்தான். அவளுக்கோ அதுவே உறுத்தியது. நிச்சயம் எங்கோ ஒழுகும், இல்லாவிட்டால் துரு தின்றிருக்கும்.

“இன்னிக்கு மழை வரும்போல இருக்கு. நீங்க வேன்ல படுத்துக்கோங்க, நான் ரூம்ல இருக்கேன்.”

“ஏன், ஒழுகினா என் தலையிலதான் ஒழுகணுமா?”

“உங்க தலையில ஒழுகினா நீங்க சொல்லிடுவீங்க. அந்தாளு சொல்லமாட்டாரு.”

சிரித்துக்கொண்டே தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். மழை பெய்தது. அறை ஜன்னலுக்குக் கீழே நின்ற வேனின் ஸ்பிரிங் இடைக்கிடையே கிரீச்சிட்டது. இவர் புரண்டு படுக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, முதல் சத்தத்துக்குப் பதில் சொல்வதுபோல் மறுபக்கத்திலிருந்தும் ஒன்று கிரீச்சிட்டது. பழைய ஸ்பிரிங் அப்படித்தான் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

காலையில் தேநீர் கலந்துகொண்டிருந்தவள் திரும்பினால், அவன் பின்னால் நிற்கிறான். அந்த வீட்டின் மரப்படிக்கட்டு எலி ஏறினாலும் ஊரைக் கூட்டும். அவன் வந்தது அவளுக்குக் கேட்கவேயில்லை.

“இப்படியா வந்து நிப்பீங்க! ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. ஒழுகிச்சா?”

“இல்ல. நல்லாத் தூங்கினேன்” என்றான். எந்தப் படுக்கையில் படுத்தாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவன், அன்று இடுப்பைப் பற்றிப் பேசவேயில்லை.

வேனை வாங்கியாயிற்று, அடுத்தது இன்சூரன்ஸ். வெளிநாட்டு லைசென்ஸ் என்றதுமே கம்பெனிகள் கையை விரித்தன. கடைசியில் ஒரு பெண் மட்டும் போனில் இறங்கிவந்தாள். அவர்கள் லைசென்ஸுக்கு குறிப்பிட்ட எடைக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே உங்கள் சாமான் எதுவும் இல்லாமல், ஆளும் இல்லாமல் எடைமேடையில் ஏற்றி எடை காட்டினால் போட்டுத் தருகிறேன் என்றாள். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. அதற்காகவே ஒருநாள் அனுமதி வாங்கிக்கொண்டு சாயங்காலம் கிளம்பினார்கள்.

எடைமேடை இருந்த கல்குவாரி மேட்டில் ஏறும்போது காலி வேன் மணல் லாரிபோலத் திணறியது. பிடித்துவிட்டோம் என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. எதையோ ஒளித்துவைத்து நம் தலையில் கட்டியிருக்கிறார், குல்லாக்காரர் நமக்கே குல்லா போடப் பார்க்கிறார்! சொல்லிச் சிரிக்கலாமென்று திரும்பினாள். கணவன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

எடைமேடை என்பது தரையோடு பதித்த பெரிய இரும்புத் தகடு. அதன்மேல் மழைநீர் மெல்லிசாகத் தேங்கியிருந்தது. கண்ணாடிக் கூண்டில் எடைமேடைக்காரர், கூண்டின் மேல் சிவப்பு எண்கள், அவர் குரலைக் கரகரவென்று துப்பும் ஒரு ஒலிபெருக்கி. அவள் முன்னாலேயே இறங்கித் தகட்டுக்கு வெளியே நின்றாள். வேன் ஏறி நின்றது. கணவன் இறங்கித் தகட்டுக்கு வெளியே அவளருகே வந்தான். அவன் இறங்கியபோது படி முனகவில்லை.

“டிரைவர் இறங்கணும்மா” என்றது ஒலிபெருக்கி.

“இறங்கிட்டாரே! இதோ நிக்கிறாரு.”

“அப்ப உள்ள வேற யாரு?”

“யாருமில்லங்க.”

“எனக்கு இதுதாம்மா பொழைப்பு. காலி வண்டின்னா நம்பர் செத்த மாதிரி நிக்கும். அங்க பாருங்க.”

பார்த்தாள். கடைசி எண் மெதுவாக ஏறியது. மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது.

“உள்ள யாரோ மூச்சு விடுறாங்க” என்றார் எடைமேடைக்காரர்.

அவள் கோபத்தோடுதான் உள்ளே ஏறினாள். படி பலமாக முனகியது. அலமாரியைத் திறந்தாள். படுக்கைக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தாள். ஒன்றுமில்லை. மெத்தைமேல் வண்டியோடு வந்த தடித்த போர்வை, சுருட்டிக் கிடந்தது. அந்த வெதுவெதுப்பான வாசனை. அதில் இப்போது கணவன் தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனையும். அவள் இறங்கித் தகட்டுக்கு வெளியே வந்தாள்.

“நீங்க ஏறினது காட்டிச்சு. இறங்கினதும் காட்டிச்சு” ஒலிபெருக்கி தயங்கியது. “அவரு இறங்கினது மட்டும் காட்டலையேம்மா.”

அவள் மறுபடி தகட்டில் கால் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

தகட்டின்மேல் அவள் செருப்பைச் சுற்றித் தண்ணீர் அலையடித்தது. பக்கத்தில் கணவனின் செருப்பு. அவன் தகட்டின்மேல் ஒரு அடி எடுத்து வைத்தான். தண்ணீர் அசையவில்லை.

கையைப் பிடித்தாள். கை இருந்தது. கனம் இல்லை. காய்ந்த துணியைத் தூக்குவதுபோல் மேலே வந்தது.

“ஏங்க… என்னங்க ஆச்சு உங்களுக்கு?” நான்தானே. நான்தானே படுக்கச் சொன்னேன். “வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். இந்த வண்டியே வேணாம்.”

“வீடு இதுதானே” என்றான்.

கூண்டில் விளக்கு அணைந்தது. எடைமேடைக்காரர் கதவைப் பூட்டாமலே ஓடும் சத்தம். சிவப்பு எண்கள் மட்டும் எரிந்தன. ஏறின. இறங்கின.

“ஒரு ராத்திரி உள்ள படுத்துப் பாரு” என்றான். “அப்புறம் பேசிக்கலாம்.”

குரல் அவனுடையது. சொன்ன விதம் குல்லாக்காரருடையது.

அவன் ஏறினான். அவள் கையை விடவில்லை. இழுக்கவும் இல்லை. ஆனாலும் அவள் கால் படியில் இருந்தது. படி முனகியது.

அவன் குனிந்து போர்வையை விலக்கினான்.

மெத்தையில் ஆள் படுத்த பள்ளங்கள். ஒன்றல்ல. அருகருகே, நெருக்கியடித்துக்கொண்டு, எல்லாம் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் கிரீச்சிட்டது. பள்ளங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டு சுவரோரமாக ஒதுங்கின.

ஓரத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டன.