குளத்துக்குத் திறப்பு விழா

நஸ்ஹாவின் வீடு இருந்த குறுகிய தெருவில், அந்த ஒழுங்கையில், ஒரு குளம் இருந்தது. யாரும் வெட்டிய குளமல்ல. மழைத் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோக வேண்டிய வடிகான் மண் அடைத்துப் போனதால், தண்ணீர் அங்கேயே குடியேறிவிட்டது. பக்கத்து வீட்டுத் தாரா வாத்துகளுக்கு மட்டும் அதில் கொள்ளை மகிழ்ச்சி.

ஒரு நாள் காலை, இடியப்பம் அவித்து விற்கும் நபீஸா மாமி கூடையோடு அந்தத் தண்ணீரைத் தாண்டப் பார்த்தார். கால் வழுக்கியது. தொபீர்!

நஸ்ஹா ஓடிப்போய் மாமியைத் தூக்கிவிட்டாள். இடியப்பத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை. தாராக்கள் முந்திக்கொண்டன.

"சம்பல் இல்லாமலே திங்கிதுகள் பாரு!" என்று மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அன்றைய வியாபாரம் முழுவதும் தண்ணீரோடு போயிருந்தது.

மாமி கண்ணைத் துடைத்தது நஸ்ஹாவின் மனதை விட்டுப் போகவில்லை. பாடசாலை விட்டதும் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு சாலிஹ் மெம்பரின் வீட்டுக்குப் போனாள். ஒழுங்கைக்காரர் வாக்குப் போட்டுப் பிரதேச சபைக்கு அனுப்பியது அவரைத்தான்.

"நான் எப்பவோ சொல்லிட்டன் மகள்," என்றார் மெம்பர். "சபையில இருக்கிற நல்லரத்தினம் சேர்தான் செய்றாரில்ல. அவரைப் போய்க் கேளுங்க."

சபைக்குப் போனார்கள். வீதியும் வடிகானும் அங்கே அதிகாரியான நல்லரத்தினம் சேரின் பொறுப்பு. அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன பிள்ளை, சொன்னா நாளைக்கே செய்வன்," என்றார். "உங்கட மெம்பர் ஒரு வார்த்தை சொல்லல்லையே. அவரைப் போய்க் கேளுங்க."

மறுபடி மெம்பர். மறுபடி சேர். வாப்பாவின் சைக்கிள் டயர் தேய்ந்ததுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது நஸ்ஹா கேட்டாள்: "வாப்பா, மெம்பர் கதைக்கக்குள்ள சேர் அங்க இல்ல. சேர் கதைக்கக்குள்ள மெம்பர் இல்ல. ரெண்டு பேரையும் ஒரே இடத்தில நிப்பாட்டினா?"

"அவங்களை ஆரு புள்ள நிப்பாட்டுற?"

"திறப்பு விழா எண்டா மெம்பர் ஓடி வருவார்தானே?"

வாப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். உண்மைதான். பஸ் தரிப்பிடமோ முடி வெட்டும் கடையோ, எதைத் திறந்தாலும் கத்தரிக்கோலோடு முன்னால் நிற்பவர் மெம்பர்.

அடுத்த நாள் நஸ்ஹா மெம்பரிடம் போய், "எங்கட ஒழுங்கையில வெள்ளிக்கிழமை பின்னேரம் திறப்பு விழா. நீங்கதான் ரிப்பன் வெட்டணும்," என்றாள்.

"என்னத்த மகள் திறக்கிற?"

"ஒரு குளம்."

"குளமா! ஆரு கட்டின?"

"நீங்களும் சபையும் சேர்ந்துதான், மெம்பர்."

மெம்பருக்கு அப்படியொரு குளம் நினைவில் இல்லை. ஆனால் தான் ஏதோ செய்ததாக யாராவது சொன்னால் அதை மறுக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. "ஓம் ஓம், வாறன்," என்றார். மெம்பரே வருகிறார் என்று நஸ்ஹா சபைக்குப் போய்ச் சொன்னதும் நல்லரத்தினம் சேரும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை. உம்மாவின் பழைய சிவப்புச் சேலைக் கரை, இரண்டு கம்புகளுக்கு நடுவே ரிப்பனாக நின்றது. ஒழுங்கையே திரண்டிருந்தது. வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சப்பாத்துமாக மெம்பர் வந்து இறங்கினார். பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் சேர்.

"எங்க குளம்?" என்றார் மெம்பர்.

நஸ்ஹா ரிப்பனுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். ஒரு தாரா தலைகீழாக முங்கி, வாலை ஆட்டியது.

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மெம்பரின் முகம் சிவந்தது.

நஸ்ஹா மரியாதையாகவே கேட்டாள்: "நபீஸா மாமி இதுக்குள்ளதான் விழுந்தாங்க. மெம்பர், சேர், ரெண்டு பேரும் இப்ப இஞ்ச நிக்கிறீங்க. இது ஆருட வேலை?"

மெம்பரின் விரல் சேரை நோக்கி நீண்டது. அதே நேரத்தில் சேரின் விரல் மெம்பரை நோக்கி நீண்டது. இரண்டு விரல்களும் நடுவில் முட்டிக்கொண்டன. ஒழுங்கையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"எனக்கு நீங்க சொல்லல்லையே, மெம்பர்," என்றார் சேர்.

"சொன்னனே!"

"எப்ப?"

மெம்பர் தலையைச் சொறிந்தார். "சொல்லணும் எண்டு நினைச்சிருந்தன்..." பிறகு சட்டென்று, "சரி, ஒங்களுக்கும் கண் இருக்குதானே? ஒருக்கா வந்து பார்த்தீங்களா?" என்றார்.

இப்போது தலையைச் சொறிவது சேரின் முறை.

"அப்ப இப்ப சொல்லுங்க, மெம்பர்," என்றாள் நஸ்ஹா. "நாங்க எல்லாரும் கேட்டுக்கொண்டு நிக்கிறம்."

மெம்பர் தொண்டையைச் செருமினார். "சேர், இந்த வடிகானைத் துப்புரவாக்கணும்."

"நாளைக்குக் காலையில மெசின் வரும்," என்றார் சேர்.

வந்தது! அடைத்துக் கிடந்த மண்ணை அள்ளி எடுக்க, தண்ணீர் கடகடவென்று வாவியை நோக்கி ஓடியது. மெம்பரும் சேரும் வேலை முடியும்வரை அங்கேயே நின்றார்கள். ஒருவரை விட்டு ஒருவர் நகரவே இல்லை. ஒருவர் போய்விட்டால் மற்றவர் என்ன சொல்வாரோ என்ற பயம்தான்!

சில நாட்கள் கழித்து, பாடசாலை விட்டு வந்த நஸ்ஹாவின் பக்கத்தில் ஓர் ஓட்டோ நின்றது. உள்ளேயிருந்து மெம்பர் தலையை நீட்டினார்.

"மகள், ஒங்கட பக்கம் வேற ஏதும் குறை இருக்கா?" அவர் குரலில் கொஞ்சம் பயம் தெரிந்தது.

நஸ்ஹா சிரித்தாள்.

"இப்ப ஒண்டும் இல்ல, மெம்பர். இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றன்."