இலவச வைஃபை கம்பத்தடியில் ஒரு பிணம்

செத்தவரின் சட்டைப் பையில் செல்போன் அலறியது!

அஜினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குனிந்து பார்த்தான்.

திரையில் 'வூட்டுக்காரி' என்று மின்னியது. எடுக்க வேண்டிய ஆள் எடுக்கும் நிலையில் இல்லை. பாத்திரக்கடை அன்புமணி, கல்மண்டபம் கடைவீதி வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர், பள்ளிவாசலின் பின்வாசல் சந்தில், இலவச வைஃபை கம்பத்தின் அடியில், வாயைப் பிளந்து கிடந்தார்.

வாழ்நாளில் முதல் முறையாக அந்த வாய் சும்மா இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜும்மா தொழுகை நேரம். கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்கிக் கிடந்தன. பள்ளிவாசலுக்குள் ஒலிபெருக்கியில் பயான், தொழுகைக்கு முந்தைய மார்க்க உரை. சந்தில் ஒரு ஈ, காக்கா இல்லை.

அஜினின் கையில் பித்தளைக் குத்துவிளக்கு. திங்கட்கிழமை திறப்பு விழாவுக்காக அன்புமணியே தன் கடையிலிருந்து தூக்கி வந்தது. வாடகைக்குத்தான். ஓசியில் கொடுக்கிற ஜாதி இல்லை அவர்.

சற்று முன்னால் நடந்த பேச்சு இதுதான்.

"அண்ணே, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா என் கம்பெனிக்குக் கடைசித் தவணை வந்துரும்."

"போட மாட்டேன் சார். பாதி துட்டு வியாபாரிங்க குட்த்தாங்க, பாதி சர்க்கார் குட்த்துது. கடைவீதிய சிங்கப்பூர் ஆக்கறேன்னு நீ படம் காட்டன. நெட்டு வந்துதா? கம்பத்து மேல இன்னா கீது? காலி டப்பா கீது!"

"இது உங்களுக்குத் தெரியாதா? உங்க பங்கை வாங்கினப்போ டப்பா நிரம்பியா இருந்துச்சு?"

"வாங்கனேன். யாரு இல்லன்னா? ஆனா சங்கத் தேர்தல் வருது நைனா! வியாபாரிங்க மூஞ்சி மேலயே துப்பறானுங்க. திங்கக்கெழமை மேடையில அல்லாத்தியும் போட்டு ஒடைச்சிட்டு நான் நல்லவனாயிடப் போறேன்!"

மனசாட்சி அவருக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வரும். இந்த முறை வந்தது, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ணங்!

அவ்வளவுதான்.

அஜின் நிமிர்ந்தான். நேர் மேலே கேமரா. கறுப்பு டப்பா. அதில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். நன்றாக, பல் தெரியச் சிரித்தான்.

கேமராவுக்கு நேர் கீழே நின்று எவனாவது கொலை செய்வானா?

செய்வான்... காலி டப்பாவில் சீரியல் பல்பைச் சொருகி, 'கண்காணிப்புக் கேமரா' என்று பில் போட்டவன் அவனாகவே இருந்தால்!

பக்கத்தில் வடிகால் திறந்து கிடந்தது. சிமென்ட் பலகை போட்டு மூடியாயிற்று என்று அதற்கும் பில் போட்டிருந்தான். நல்ல வேளை, மூடவில்லை! குத்துவிளக்கு தொபுக்கென்று சாக்கடைக்குள் மறைந்தது. தன்னுடைய தொலைநோக்கை எண்ணி அவனுக்கே பெருமையாக இருந்தது.

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தான்.

----

சாயங்காலம், பிணத்தை எடுத்துப் போன பிறகும் சந்து நிறையக் கூட்டம்.

இன்ஸ்பெக்டர் ஜூடி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். கல்மண்டபம் இருக்கும் இதே ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் யாரையும் சட்டென்று நம்புகிற வழக்கம் கிடையாது.

"கேமரா யாரோடது?"

அஜின் முன்னால் வந்தான். முகத்தில் துக்கம். உடம்பில் கோட்டு, கழுத்தில் கம்பெனி அட்டை.

"எங்க ப்ராஜெக்ட் மேடம். அஜின் அர்பன் சொல்யூஷன்ஸ்."

"வீடியோ வேணும்."

"சாரி மேடம்... சர்வர் டவுன்."

"எப்பத்துலேர்ந்து?"

"துரதிர்ஷ்டம் பாருங்க, இன்னிக்குக் காலையிலேர்ந்து! மீட்டெடுக்க ஒரு வாரம் ஆகும்."

"ஒங்க சர்வருக்கு மொதல்லயே விஷயம் தெரிஞ்சிருக்கு போல..." என்றாள் ஜூடி. அவள் சிரிக்கவில்லை.

அஜின் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், நான் சொன்னதா வெளியில தெரிய வேண்டாம். மொபைல் கடை வசீம்னு ஒருத்தன். போன மாசம் சங்கக் கூட்டத்துலயே அன்புமணி சாரோட சட்டையைப் பிடிச்சான். 'நெட்டு வரல, உன்ன முடிச்சிடுவேன்'னு கத்தினான். ஊருக்கே தெரியும்."

ஏட்டு வேம்பு போய் வசீமைக் கூட்டி வந்தார். முப்பது வயது, தென்னை மர உயரம். பின்னாலேயே அவன் அம்மா ரசூல் பீவி. சந்து முனையில் இடியாப்பமும் பாயாவும் விற்பவள். கரண்டியைக் கீழே வைக்காமலே வந்திருந்தாள்.

"அன்புமணி சட்டையப் புடிச்சியா?"

"புடிச்சேன் மேடம். அல்லாரும்தான் புடிக்கப் பாத்தாங்க. நான் கொஞ்சம் ஒசரம், எனுக்கு எட்டிச்சி."

"தொழுகை நேரத்துல எங்க இருந்த?"

வசீம் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

"கடைக்குள்ள... ஷட்டரப் போட்டுகினு... கிரிக்கெட் பாத்துகினு இருந்தேன்."

பளார்!

அடித்தது போலீஸ் இல்லை.

"ஜும்மாவுக்குப் போவலியாடா பேமானி? வாரா வாரம் குளிச்சி, அத்தர் பூசிகினு கெளம்பனியே, கிரிக்கெட்டுக்கா?"

"யம்மா, கொல கேசுமா இது! அத்த அப்புறமாப் பேசலாம்!"

"கொல கேசுல ஜாமீன் கெடைக்கும்டா. எங்கிட்ட கெடைக்காது!"

ஆனால் வேம்பு அவன் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியபோது, அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ரசூல் பீவி அஜின் பக்கம் திரும்பினாள்.

"யோவ் கோட்டு! எங்க சந்துல டவர் எடுக்காது. நெட்டு வந்தா போன்லயே ஆர்டர் எடுக்கலாம், வெயில்ல குந்த வேணாம்னியே... அத்த நம்பி மூக்குத்திய வித்துக் குட்த்தேன். நெட்டு வரல. இப்ப எம் புள்ளையும் போய்க்கினு கீறான். உன் ஸ்கீம்ல இன்னும் எத்தினி ஐட்டம் கீது?"

"சட்டம் தன் கடமையைச் செய்யும்மா," என்றான் அஜின் உருக்கமாக.

இப்படிப் பேசுகிறவன் ஒருவனாவது சட்டத்துக்குப் பயந்து நாம் பார்த்ததுண்டா?

----

திங்கட்கிழமை காலை.

திறப்பு விழாவை ஒத்திப்போடவில்லை. அன்புமணியின் படத்துக்கு மாலை போட்டு மேடையிலேயே வைத்துவிட்டார்கள். 'அமரர் அன்புமணி இலவச வைஃபை மண்டலம்' என்று புது பேனர். யோசனை, அஜினுடையது. செலவு, வியாபாரிகளுடையது.

பந்தலுக்குப் பின்னால் ஜூடி அவனை ஓரங்கட்டினாள்.

"சார், ஒங்க கேமரா சூப்பரா ஓடுதே!"

அவள் நீட்டிய போனில்... பின்வாசல் சந்து! அதே கம்பத்தின் மேலிருந்து. இந்த நிமிடம் ஒரு நாய் காலைத் தூக்குவது வரை துல்லியமாக!

அஜின் போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தான்.

'காலி டப்பா எப்படிப் படம் காட்டும்?'

மூளை பரபரவென்று ஓடியது. ஓடி... ஒரு இடத்தில் நின்றது. கொலை நடந்த பயத்தில் சனி, ஞாயிறில் வியாபாரிகளே நிஜக் கேமராவை மாட்டியிருக்கிறார்கள்! வேறென்ன? அடப்பாவிகளா, என் வேலையை நீங்களே முடித்து வைத்தீர்களா!

"ராப்பகலா உக்காந்து சர்வரை சரி பண்ணிட்டோம் மேடம்," என்றான்.

"நல்லதாப் போச்சு. கார்ப்பரேஷன் மண்டல அதிகாரி வந்திருக்காரு. செயலாளர் கையெழுத்து இல்லன்னாலும் பரவால்லையாம். கேமரா வேலை செய்யுதுன்னு ஜனங்க முன்னாடி நீங்க உறுதி சொல்லிட்டா, பில்லை இன்னிக்கே பாஸ் பண்றாராம்."

பில்!

அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் மற்ற சந்தேகமெல்லாம் காணாமல் போனது.

மேடையேறினான். மைக்கைப் பிடித்தான். பக்கத்தில் ஆளுயர எல்.இ.டி. திரை. அதில் பின்வாசல் சந்து நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் வாய் பிளந்தது.

"கல்மண்டபம் சொந்தங்களே! சில பேர் காலி டப்பான்னாங்க. இதோ, உங்க கண்ணாலயே பாருங்க!"

கைதட்டல். கீழே நின்ற ஜூடி இன்னொரு மைக்கைக் கையில் எடுத்தாள்.

"சார், பொதுமக்களுக்கு ஒரு சந்தேகம். இது ஒங்க கம்பெனி மாட்டினதுதானே?"

"எங்க கேமரா, எங்க இன்டர்நெட்!"

"எப்பத்துலேர்ந்து ஓடுது?"

"மாட்டின நாள்லேர்ந்து! சர்வர்தான் மக்கர் பண்ணுச்சு, கேமரா ஒரு நிமிஷம் கூட நின்னதில்ல!"

"இதுல பதிவாகறத யாராச்சும் மாத்திட முடியுமா? இப்பல்லாம் ஏ.ஐ. அது இதுன்னு..."

"சான்ஸே இல்ல மேடம்! கடவுளே வந்தாலும் மாத்த முடியாது!"

"ரொம்ப தேங்க்ஸ் சார். வேம்பு அண்ணே... போடுங்க."

திரை மாறியது.

வெள்ளிக்கிழமை. மத்தியானம். சந்து. அன்புமணி திரும்பி நடக்கிறார். பின்னால் குத்துவிளக்கு உயர்கிறது...

கூட்டத்தில் ஒரு பெண் வீறிட்டாள்!

திரையில், குத்துவிளக்கும் கையுமாக ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். பல் தெரியச் சிரித்தான். பாஸ்போர்ட் போட்டோவில் கூட அஜினின் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை.

"பொய்! இது ஏ.ஐ.! ஜோடிச்சிருக்காங்க!"

"கடவுளே வந்தாலும் மாத்த முடியாதுன்னீங்க?"

"இது எங்க கேமராவே இல்ல!" அஜின் கத்தினான். "நான் மாட்டினது காலி டப்பா! எல்லாக் கம்பமும் காலி! ஒரு கம்பத்துக்குக் கூட நான் ஒயர் இழுக்கல! வடிகாலைக் கூட மூடல!"

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

ஊரே கேட்டது. தெருக்கோடி வரை கட்டியிருந்த எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. அந்த ஸ்பீக்கர்கள் மட்டும் நன்றாக வேலை செய்தன, வாடகைக்கு எடுத்தவை என்பதால்.

மண்டல அதிகாரி போர்த்திய சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பந்தலின் பின்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தார்.

"அப்ப... அது யாரோட கேமரா?" அஜின் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

ரசூல் பீவி மேடைக்கே வந்துவிட்டாள்.

"எங்குளுது நைனா! வெள்ளிக்கெழம ஆனா பள்ளிவாசல் பின்வாசல்ல எவனோ செருப்ப லவட்டிகினு போறான். உன் டப்பாவ நம்பி அல்லாரும் வெறுங்காலோட வூட்டுக்குப் போனோம். ரெண்டு மாசம் பாத்துட்டு, கடைக்குக் கொஞ்சம் துட்டு போட்டு, வசீம் கடை நெட்லேர்ந்து மொட்ட மாடி மொட்ட மாடியா ஒயர் இழுத்து, அன்புமணிக்குக் கூடச் சொல்லாம உன் டப்பாக்குள்ளயே கேமராவ வெச்சோம். செருப்புத் திருடனப் புடிக்க வெச்ச பொறி. அத்தவுடக் கேவலமானது வந்து மாட்டிகிச்சி!"

"கூட்டத்துல கொலைகாரன் இருந்தா உஷாராயிடுவான்னு, வசீம் வெள்ளிக்கிழமை ஜீப்ல ஏறினப்பறமா வீடியோவக் குடுத்துட்டான்," என்றாள் ஜூடி. "ஆனா கோர்ட்ல நீங்க 'ஏ.ஐ.'ன்னு ஆரம்பிப்பீங்க. அதான், அசல்னு ஒங்க வாயாலயே ஊரறிய சொல்ல வெக்கணும்னு மூணு நாள் காத்திருந்தேன். அது வரைக்கும் வசீம ஸ்டேஷன்லயே வெச்சிருந்தேன். அடைச்சு வெக்கலங்க. வெளிய வுட்டா அம்மா அடிக்குமாம்."

கூட்டத்தின் நடுவில் ஒரு தென்னை மரம் வெட்கத்தோடு தலை குனிந்தது. ரசூல் பீவி இறங்கிப் போய் அவன் கன்னத்தைத் தடவினாள், அடித்த அதே இடத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதைப் பிடித்து ஒரு திருகும் திருகினாள்.

விலங்கு மாட்டிய கையோடு அஜினைக் கீழே இறக்கினார் வேம்பு.

"மேடம், எஃப்.ஐ.ஆர்.ல இன்னா எழுதறது? கொலை மட்டுமா, மோசடியும் சேத்தா?"

ஜூடி கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டாள்.

"நான் கேட்டது கொலை ஒண்ணுதான் அண்ணே... மோசடிய சார் தானா மேல போட்டுக் குடுத்தாரு. சேத்தே எழுதுங்க. இந்தத் திட்டத்துல நெஜமாவே இலவசமாக் கெடைச்சது அது ஒண்ணுதான்!"