ஆணியில் தொங்கிய மணிகள்

பச்சைக் குழந்தையின் அமைதிக்கு அந்தத் துறைமுக ஆஸ்பத்திரியில் பழைய மருந்தில் விலை, பெரு நாட்டுக் காசில் எட்டு சோல். அதையே புது மருந்தில் வாங்கப் போனால் எழுபது. அப்போதும் முழுசாகக் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை. மீன் சந்தையில் தராசுக்கடியில் வளர்ந்த நர்ஸ் எதெல்வினாவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் பட்டது.

பிறந்ததும் வலிப்பு கண்ட குழந்தைகளின் அறை அது. இடப்பக்கத் தொட்டில்களுக்குப் பழைய மருந்து, வலப்பக்கத்துக்குப் புதியது. எது மேல் என்று பார்க்க வேண்டும். மூளையின் அலையைக் காட்டும் இயந்திரம் தலைநகர் லிமாவிலிருந்து இரவல் வருகிறது, வருகிறது என்றார்களே தவிர வரவில்லை. எதெல்வினா காதால் கணக்கெடுத்தாள். கண்ணேறு படாமலிருக்கத் தாய்மார் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டும் வாய்ரூரோ விதைச்சரம், சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணிக்கு அக்கா போலிருக்கும். வலிப்பு வந்தால் தொட்டில் கம்பியில் கிடுகிடுக்கும். வலப்பக்கம் அது ஓய்வதில்லை. இடப்பக்கம் மூச்சுச் சத்தம்தான்.

குணமான பிள்ளையின் சரத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வந்த கேட்டை அதுவே சுமக்கட்டும் என்று ஜன்னலோர ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். பதினொரு சரம் தொங்கியது. எல்லாமே இடப்பக்கத்துப் பிள்ளைகளுடையவை.

அன்று காலை, வலப்பக்கத்துப் பிள்ளையின் தாய் சோய்லா எதெல்வினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனையில் மூலிகைக் கஷாயம் விற்கிறவள்.

"அக்கா, அந்தப் பக்கத்துப் புள்ளைங்க எல்லாம் சாமியாட்டம் தூங்குது. எம்புள்ளதான் கிலுகிலுப்பை விக்கிறவன் கணக்கா ஆடிட்டே கெடக்கான்."

எதெல்வினா போய்ப் பழைய மருந்துக்கு மாற்றச் சொன்னதும் டாக்டர் சிப்ரியானோ இழுத்தார். "புது மருந்த இன்னும் ஒரு வேளை பாத்துரலாமே."

"சத்தம் போடுற வண்டியும் சத்தம் போடாத வண்டியும் பக்கத்துல பக்கத்துல நிக்குது டாக்டர். எத வாங்கணும்னு பாடம் வேற எடுக்கணுமாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். பேரம் படிந்தது. பழைய மருந்து ஏறியதும் சரம் நின்றது. சோய்லா அழுதாள், கையோடு அதைக் கழற்றிப் பன்னிரண்டாவதாக மாட்டினாள், நடைவழி பெஞ்சில் போய்த் தூங்கிவிட்டாள்.

மதியம் வானம் கழுதை வயிற்றின் சாம்பல் நிறத்தில் கூரைவரை இறங்கி, கண்ணாடியில் ஈரமாகப் படிந்து, மீன்மாவு ஆலையின் அழுகல் வாடையை ஜன்னல் இடுக்குகளில் ஒட்டியிருந்த காகித நாடாவையும் தாண்டி உள்ளே கசியவிட்டுக்கொண்டிருந்தபோது, அறையின் நீண்ட அமைதிக்குள், யாரோ நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல, ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

டிக். டிக்.

எதெல்வினா சோய்லாவின் பிள்ளையைப் பார்த்தாள். அசைவில்லை. பிஞ்சு விரல்கள் மெழுகுபோல விரிந்திருந்தன. கண் மட்டும் பாதி திறந்து கூரையைப் பார்த்தது.

சத்தம் ஆணியிலிருந்து வந்தது. கடைசியாக மாட்டிய சரம் மட்டும் ஆடியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் நாடா ஒட்டியபடியே இருந்தது.

அப்போதுதான் டாக்டர் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "ஒரு வழியா இன்னிக்குத்தான் மனசு வந்து அனுப்பியிருக்கானுங்க." பிள்ளையின் தலையில் கம்பிகளை ஒட்டினார். திரை விழித்தது.

கோடுகள் கொந்தளித்தன. மேலும் கீழும். மேலும் கீழும். பிள்ளை அசையவில்லை.

"மருந்து கையக் கால நிறுத்திருக்கு," என்றார் டாக்டர். "மூளைக்குள்ள வலிப்பு நிக்கல."

"மத்ததுங்களுக்கு?" என்றாள் எதெல்வினா. "வீட்டுக்கு அனுப்பினதுங்களுக்கு?"

அவர் புது மருந்துக் குப்பியை உடைத்தார்.

டிக். கோடு எழுந்தது. டிக். கோடு எழுந்தது. ஆணியும் திரையும் ஒரே தாளம்.

பிறகு பக்கத்துச் சரம். அதற்கு வேறு தாளம். அதற்கடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொன்றும் தன் போக்கில்.

ஆணி அதிர்ந்தது.

சோய்லா கதவருகே வந்து நின்றாள், தூக்கம் கலையாத சிரிப்போடு. "மணிச் சத்தம் கேக்குதேக்கா. யாரு புள்ள?"

எதெல்வினா ஆடும் சரங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு.

ஒரு சரம் நின்றது. மேசைமேல், வீடு போன பிள்ளைகளின் தாய்மாருக்கு எண் கொடுத்திருந்த தொலைபேசி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

பதினொன்று.

இன்னொன்று நின்றது. தொலைபேசி ஓய்ந்து, மறுபடி அடித்தது.

பத்து.