அப்பா இறுக்கிய நட்டு

அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் காது சிவக்கும். குரல் உயர்வது கடைசியில்தான். அன்று காலை கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடதடவென்று ஓடி, சாலையோரம் நின்றபோது மூன்றும் ஒன்றாக வந்துவிட்டன.

“பஞ்சர் ஒட்டி ஒரு வாரம்கூட ஆகல. அதே டயர். என்ன ஒட்டு ஒட்டினானோ,” என்றார்.

பக்கத்து இருக்கையில் இருந்தவள் அவருடைய மகள். பொசுக்கென்று கோபம் வரும் என்பதால் வீட்டில் அவளை ‘மிளகாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா கேட்டால் மட்டும் அப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

அப்பாவின் வேலை திரைச்சீலை மாட்டுவது. பள்ளி விடுமுறையில் மிளகாயும் கூடப் போவாள். அப்பா ஏணியில் நின்று கம்பியின் ஒரு முனையை மாட்டும்போது, மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே.

அன்று அவர்கள் போக வேண்டியது ஒரு கண் மருத்துவமனைக்கு. கண் சோதிக்கும் அறைக்குக் கறுப்புத் திரை மாட்ட வேண்டும். அப்பா ஏற்கெனவே இரண்டு தடவை நாளைத் தள்ளிப் போட்டிருந்தார். இன்று பத்து மணிக்குள் அறை இருட்டாகவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா டிக்கியைத் திறந்தார். கறுப்புத் திரை மூட்டையைத் தூக்கி மிளகாயிடம் கொடுத்தார். அவள் அதற்குப் பின்னால் காணாமலே போய்விட்டாள். ஸ்டெப்னியை உருட்டி வெளியே எடுத்தார். பஞ்சரான சக்கரத்தின் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினார். அசையவில்லை. அடுத்ததும் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலால் மிதித்தார். கடைசியில் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றார்.

“எந்தப் பாவி இதை இப்படி இறுக்கினது?”

மிளகாய் மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எந்தப் பாவி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் காது அப்போது தக்காளி நிறத்தில் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா பஞ்சர் கடைக்காரருக்கு போன் போட்டுத் திட்டித் தீர்த்தார். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் முகமும் கடுகடுவென்றுதான் இருந்தது. தன்னுடைய ஸ்பேனரை மாட்டி, மூச்சைப் பிடித்து இழுத்தார். நட்டு நகரவில்லை.

“நான் இறுக்கியிருந்தா நானே கழட்டியிருப்பேன் சார். இது என் கை இல்ல.”

“பின்ன பேய் வந்து இறுக்கிட்டுப் போச்சா? உன்னால என் வேலையே போகப் போகுது.”

“திட்டு வாங்கவா கடையைச் சாத்திட்டு ஓடி வந்தேன்? நீங்களாச்சு, உங்க டயராச்சு.”

கடைக்காரர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மிளகாய்க்கு மூக்கு சுட்டது. மூட்டையைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டு, நேராகப் போய் ஸ்கூட்டருக்கு முன்னால் நின்றாள்.

“மாமா, போகாதீங்க. அதை இறுக்கினது எங்கப்பா.”

“மிளகா,” என்றார் அப்பா.

“பொய்யா சொல்றேன்? மாமா போட்ட நட்டு லூசா இருக்குன்னு ஞாயித்துக்கிழமை நீங்கதானே ஸ்பேனர் மேல ஏறி நின்னு குதிச்சீங்க? விழுந்துடாம நான்தானே பிடிச்சுக்கிட்டேன்? நீங்க செஞ்சதுக்கு அவரை எதுக்குத் திட்டறீங்க?”

ஒரு லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அப்பா டயரைப் பார்த்தார். கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார்.

“குதிச்சீங்களா?”

“நாலஞ்சு தடவைதான்.”

கடைக்காரர் ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்தார். சிரிப்பு வராமலிருக்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது மிளகாய்க்குத் தெரிந்தது. ஸ்பேனர் பிடியை நீளமான குழாய்க்குள் நுழைத்து அழுத்தினால்தான் இது கழலும் என்றார். குழாய் கடையில் இருக்கிறது, எடுத்து வர நேரமாகும். அப்பா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

மிளகாய் காரின் கூரையைப் பார்த்தாள். கறுப்புத் திரை கனமானது. அதைத் தொங்கவிடக் கம்பிக்குப் பதிலாக அப்பா வாங்கிய கெட்டியான இரும்புக் குழாய் அங்கே கட்டியிருந்தது.

“தொடாதே. புதுசு அது. கீறல் விழுந்தா டாக்டர் வாங்கமாட்டாரு.”

“முனையிலதானேப்பா விழும்? முனை ரெண்டும் சுவத்துல இருக்கிற பிடிக்குள்ள போயிடும். யாரு பாக்கப் போறாங்க?”

அப்பா குழாயின் முனையைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்தார்.

குழாயைச் சொருகியதும் மிளகாய் அதன் மறுமுனையைப் பிடித்துத் தொங்கினாள். ‘க்ரீச்’ என்று கத்திக்கொண்டே நட்டு வழிவிட்டது. மற்ற நட்டுகளும் ஒவ்வொன்றாகக் கத்திவிட்டுக் கழன்றன.

கழற்றிய டயரைக் கடைக்காரர் தடவிப் பார்த்தார். பழைய ஒட்டு அப்படியே இருந்தது. வேறோர் இடத்தில் குறட்டால் எதையோ பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு பித்தளைத் திருகாணி. திரைக் கம்பி மாட்ட அப்பா வாங்கி வைத்திருப்பதும் அதே திருகாணிதான்.

அப்பா அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளை இறுக்கிவிட்டுக் கடைக்காரர் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் அப்பாவின் கை மெல்ல ஸ்பேனர் பக்கம் நீண்டது.

“ஒரே ஒரு சுத்து மட்டும்...”

மிளகாய் ஸ்பேனரைப் பறித்துக்கொண்டு காரில் ஏறினாள். மருத்துவமனை வரும்வரை அது அவள் மடியிலேயே இருந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றார். அப்பா ஏணியில் ஏறினார். மிளகாய் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தாள். குழாயின் கீறல் விழுந்த முனை பிடிக்குள் போய் ஒளிந்துகொண்டது. கடைசித் திரையை இழுத்ததும் அறை கும்மிருட்டானது. டாக்டர் ‘ம்’ என்று சொல்லிவிட்டு முதல் நோயாளியைக் கூப்பிடப் போனார்.

இருட்டில் அப்பா போன் போடும் சத்தம் கேட்டது.

“அண்ணே, நான்தான். காலைல கத்தினேனே, அந்த ஆளு. தப்பு என்னோடதுதாண்ணே. சாயங்காலம் கடையில இருப்பீங்களா?”

அப்பாவின் மூக்கு இப்போது என்ன நிறம் என்று பார்க்க, மிளகாய் திரையை லேசாக விலக்கினாள்.

“மூடு மிளகா,” என்றார் அப்பா. “டாக்டர் திட்டுவாரு.”