கத்தி படாத பத்து நாள்

டமார்!

தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளே அதிர்ந்தன. ருக்குமணி தோசைக் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பனிமூட்டத்துக்குள் ஒரு காய்கறி வேன், கோழிக்கூண்டின் மேல் மூக்கை வைத்தபடி நின்றிருந்தது. கோழிகள் திசைக்கொன்றாகப் பறந்தன. வேன் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவன்... குகன்! மூன்று வருடங்களாக அவள் கண்ணில் படாத மகன்!

"பிரேக் சறுக்கிருச்சும்மா... பனி லா," என்றான் அசட்டுத்தனமாக.

உள்ளேயிருந்து அவள் புருஷன் கந்தசாமியின் குரல் வெடித்தது.

"காய்கறிக்காரனா? நமக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லு!"

வந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். மகன் சாஜிதா என்ற முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மதமும் மாறி, கம்போங் ராஜா என்ற ஊரில் குடியேறிய நாளிலிருந்து அவருக்கு அவன் காய்கறிக்காரன்தான்.

குகனின் முகம் கறுத்தது.

"நாளைக்கழிச்சு ஹஜ்ஜுப் பெருநாள். 'உங்கம்மாவைக் கூப்பிடுங்க'ன்னு சாஜிதாதான் அனுப்பினா. நான் வேணாம்னேன். அவ ரெண்டு வாட்டி ஆஸ்பித்திரியில கெடந்தப்பக்கூட எட்டிப் பாக்காதவ நீ... இப்பவா வரப்போற?"

ருக்குமணியின் பார்வை மகனின் தாடையிலேயே நின்றுவிட்டது. பள்ளிக்கூட நாளிலிருந்தே மீசை அரும்பினால் பொறுக்காதவன், இப்போது ஒரு வாரத் தாடியோடு நிற்கிறானே! விரல் நகங்கள்கூட வளர்ந்து, ஓரத்தில் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது.

அவளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

இந்தக் குகன் வயிற்றில் இருந்த பத்து மாதமும் கந்தசாமி முடியிலும் நகத்திலும் கத்தி பட விடவில்லை. 'சாமியாராப் போகப்போறியா?' என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கேலி செய்தபோதுகூட அசையவில்லை. மனைவி சுமக்கும்போது புருஷன் காக்க வேண்டிய முறை அது. மதம் மாறினால் என்ன, ரத்தத்தில் ஊறியது போய்விடுமா? ஆக... சாஜிதா முழுகாமல் இருக்கிறாள்!

வேன் கிளம்பிப் போனதும் பெட்டியைத் திறந்து கண்ணாடி வளையல்களை எடுத்தாள்.

"நான் போறேங்க."

கந்தசாமி செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். லாரிச் சாவி அவர் கையில் இறுகியது.

"வாக்குக் கொடுத்திருக்க, ருக்கு. அவன் வாசலை மிதிச்சேன்னா, அன்னைக்கு நீ தடுத்ததை இன்னைக்கு நான் செஞ்சு முடிச்சிருவேன். தெரியுமில்ல?"

தெரியும். அவளுக்கு மட்டுமே தெரியும். அதற்குப் பயந்துதான் மூன்று வருடங்களாக, மகன் இருக்கும் திசையைப் பார்த்து அழுவதோடு நிறுத்திக்கொண்டாள். ஆனால் ஒரு சிசு வரப்போகிறதே!

பக்கத்து வீட்டுத் திருச்செல்வத்தின் காரில் ஏறிவிட்டாள்.

*

சாஜிதா கதவைத் திறந்தாள். ருக்குமணி அவளைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வளையல்களை மாட்டத் தொடங்கினாள்.

"மாமி... இது எதுக்கு?"

"எத்தனை மாசம்டி? எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

சாஜிதாவின் முகம் வாடிவிட்டது. உள்ளேயிருந்து வந்த குகன் சீறினான்.

"ரெண்டு தங்காமப் போச்சு. அப்பல்லாம் வராதவ, இப்ப இல்லாத புள்ளைக்கு வளையல் போட வந்திருக்கியாம்மா?"

"இல்லையா?" ருக்குமணி பதறினாள். "அப்ப இந்தத் தாடி?... நகம்?"

சாஜிதா ஒரு கணம் விழித்தாள். பிறகு கண்ணீரோடேயே சிரித்துவிட்டாள்.

"அல்லாவே! அதை வெச்சா கண்டுபுடிச்சீங்க? இவரு இந்த வருசம் குர்பானி கொடுக்கிறாரு, மாமி. பிறை பார்த்ததுலேருந்து ஆடு அறுக்கிற வரைக்கும், இந்தப் பத்து நாளும் முடியும் நகமும் வெட்டக் கூடாது."

"ஆட்டை அறுக்கிறவன் தாடியை ஏன் அறுக்கக் கூடாது?"

அவமானத்தையும் மீறி, கேள்வி தானாக வந்துவிட்டது.

"மக்காவுல ஹஜ்ஜு செய்றவங்களும் அப்படித்தான் இருப்பாங்க. போக முடியாதவங்க, இங்கருந்தே அவங்களோட ஒரு ஓரமா சேர்ந்துக்கறதுன்னு எங்க அத்தா சொல்வாங்க. இப்ராஹிம் நபி, தவமிருந்து பெத்த புள்ளையவே ஆண்டவனுக்குன்னு அறுக்கத் துணிஞ்சாரு. ஆண்டவன் புள்ளையைக் காப்பாத்தி, பதிலா ஆட்டைக் கொடுத்தான். அதுதான் இந்தப் பெருநாள். ஆட்டோட கறியும் ரத்தமும் அவன்கிட்டப் போறதில்ல மாமி, நம்ம மனசுதான் போகும். கறியில ஒரு பங்குதான் நமக்கு. மத்தது சொந்தக்காரங்களுக்கும் இல்லாதவங்களுக்கும்."

ருக்குமணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஒன்று வந்து நின்ற சத்தம்கூட அவள் காதில் ஏறவில்லை.

"அது சரி... அந்தப் புள்ளையோட அம்மா எங்கடி போனா? பெத்தவளை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

சாஜிதா திகைத்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"ஹாஜரா அம்மாவா?... கேட்டாங்களான்னு எனக்குத் தெரியல மாமி. ஆனா அந்தப் புள்ள கைக்குழந்தையா இருந்தப்ப, பாலைவனத்துல தண்ணியில்லாமக் கதறுச்சு. அந்தம்மா தண்ணி தேடி ரெண்டு குன்றுக்கு நடுவுல ஏழு வாட்டி ஓடினாங்க. இன்னைக்கும் ஹஜ்ஜுக்குப் போறவங்க, ராஜாவா இருந்தாலும், அந்தம்மா ஓடின தடத்துலதான் நடந்தாகணும்."

"ராஜாகூடவா?" ருக்குமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப பெத்தவளையும் மறக்கலைன்னு சொல்லு..."

வாசலில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரும்பினார்கள். கந்தசாமி!

எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ... நரைத்த மீசை துடித்தது. ருக்குமணி பதறி எழுந்து, கணவனுக்கும் மகனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"வேணாங்க... உங்க கால்ல விழறேன். இப்பவே வந்துடறேன். அதை மட்டும் செஞ்சிராதீங்க!"

"எதைம்மா?" குகன் அவளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "அப்பா, சண்டைன்னா எங்கூடப் போடுங்க. அம்மா வந்தது வராதது எல்லாம் எனக்கு ஒண்ணுதான். மூணு வருசத்துக்கு முன்னாலயே என்னைத் தூக்கிப் போட்டவதானே இவ!"

"சொல்லாதீங்க," என்று கண்ணாலேயே கெஞ்சினாள் ருக்குமணி.

கந்தசாமி அவளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முதன்முறையாக மகன் வீட்டு வாசற்படியில் கால் வைத்தார்.

"தூக்கிப் போட்டவளா?... உசுரோட இருக்கிற உனக்குக் கருமாதி பண்ண, தலையை மழிச்சுக்க ஒக்காந்தவன் நான்டா! கத்தி படறதுக்குள்ள எங் கையைப் புடிச்சு, 'எம் புள்ளையைச் சாகடிக்காதீங்க, அதுக்குப் பதிலா நான் அவனைப் பாக்காம இருந்துக்கறேன்'னு வாக்குக் கொடுத்தவடா உங்கம்மா!"