எடுக்காமல் விட்ட வலை

“நீங்கல்லாம் பூட்டா அந்த வலைய யாரு எடுப்பாங்க?”

போன தை மாதம், மீன் கணக்கெடுப்பு முடிந்து ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, தெப்பக்காரர் சின்னராசுவின் சின்ன மகள் பிரபா கேட்ட கேள்வி இது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரமொன்றின் அடியில் தங்கூசி என்கிற நைலான் இழை வலை ஒன்று சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டுக் கிளம்பினார்கள். குழந்தையின் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வு உதவியாளர் சுகுமார் மட்டும் சிரிக்கவில்லை. கைவிட்ட வலை தூங்குவதில்லை. ஆள் இல்லாவிட்டாலும் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். செத்ததைத் தின்ன வரும் மீனையும் பிடிக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அவர் தனியாக வந்தார். மறுநாள் ஏரியிலிருந்து எடுத்தது அவர் உடலை. விரல்களுக்கிடையே தங்கூசி இழை இறுகியிருந்தது. அந்தப் பக்கம் போகவே எல்லோரும் பயந்தார்கள். வலை அங்கேயே கிடந்தது.

இந்த மார்கழியில் அவர் பார்த்த வேலைக்கு எழில் வந்தாள். வேறோர் ஏரியில் சுகுமாரோடு ஒரு பருவம் வேலை செய்தவள். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சின்னராசுவின் மொபெட்டில் கரைக்கு வந்தபோது வெயில் மங்கிக்கொண்டிருந்தது. மாலையில் வலை கட்ட வேண்டும். விடிந்ததும் எடுத்து, மீனை அளந்து, உயிரோடு திரும்ப விட வேண்டும். இருவரும் தெர்மாகோல் தெப்பத்தில் போய் மதகு ஓரமாக வலையைக் கட்டினார்கள். கருவேல மரத்தின் பக்கம் சின்னராசு தெப்பத்தை விடவில்லை. அங்கிருந்து அழுகல் நாற்றம் மட்டும் வந்தது.

விடிந்தபோது பனி ஏரியை மூடியிருந்தது. தண்ணீர் கரையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கட்டிய இடத்தில் வலை இல்லை.

மதகுக் கல்லின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“இன்னாண்ணே, நீங்களே எடுத்துட்டீங்களா?”

“நானா? எம் பொண்டாட்டி தண்ணி ஊத்தாம நான் என்னிக்கு மேடம் எய்ந்துகினேன்?”

“அப்போ திருடனா?”

“திருடன் மடிச்சா வெப்பான்? சுருட்டிக்கினு பூட மாட்டான்? அதுவும் இவ்ளோ டீஜென்ட்டா!”

எழில் சிரிக்கவில்லை. தக்கைகள் எல்லாம் ஒரு பக்கம், ஈயக் குண்டுகள் எல்லாம் மறுபக்கம். நடுவில் நீலக் கட்டம் போட்ட லுங்கிக் கிழிசலால் ஒரு முடிச்சு. அப்படி மடிக்கிற ஒருவரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

கண்ணிகளில் செதில்கள் ஈரமாக ஒட்டியிருந்தன. மீன் ஒன்றுகூட இல்லை.

வெள்ளைத் தக்கைகளுக்கு நடுவே, பாசி படிந்த பழைய தக்கை ஒன்று இருந்தது.

மறுநாளும் வலை கல்லின்மேல் இருந்தது. பழைய தக்கை இன்னொன்று சேர்ந்திருந்தது.

சின்னராசு இப்போது கேலி பேசவில்லை. குரலைத் தாழ்த்தினார். “வேணாம் மேடம், பூடலாம். அவுரு இன்னும் எடுத்துக்கினுதான் கீறாரு.”

“இந்தப் பழைய தக்கை அந்த வலையோடதுதான். எல்லா வலையையும் எடுக்குறாரு. அவரைப் புடிச்ச வலைய மட்டும் எடுக்க முடியல. அதை நாம எடுக்காத வரைக்கும் அவரு இங்கயேதான் இருப்பாரு அண்ணே.”

பனி விலகாத ஏரியில், சின்னராசு அரைமனதோடு தள்ளிய தெப்பம் கருவேல மரத்தை நெருங்கியது. கிளைகளில் பறவை இல்லை. மரத்தடியில், முள்ளும் எலும்புமாகத் தொங்கிய வலையில் பெரிய விரால் ஒன்று புதிதாகச் சிக்கியிருந்தது. வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு இழுத்தது. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கூட்டம் சுழன்றது. அதன் குஞ்சுகள்.

எழில் குனிந்து கையை நீட்டினாள். தெப்பம் சாய்ந்தது.

தண்ணீர் தலைக்கு மேலே மூடிக்கொண்டது. கணுக்காலில் ஏதோ இறுகியது. உதைத்தாள், இன்னும் இறுகியது. வாயில் சேறு. கண்ணில் இருட்டு.

பிறகு, விரல்கள்.

குளிர்ந்த, அவசரமில்லாத விரல்கள். வலையில் சிக்கிய மீனைச் செதில் உதிராமல் விடுவிப்பதுபோல, ஒவ்வொரு கண்ணியாக அவள் காலிலிருந்து கழற்றின. கடைசிக் கண்ணி கழன்றதும், உள்ளங்கை ஒன்று அவளை மேலே தள்ளியது.

சின்னராசு தலைமுடியைப் பிடித்துத் தெப்பத்தில் இழுத்துப் போட்டார். அவள் காலில் ஒரு கீறல்கூட இல்லை.

“நீங்க உள்ள எறங்குனீங்களா அண்ணே?”

“நான் தெப்பத்த வுட்டு அசையவே இல்ல மேடம்.” அவர் தெப்பத்தைக் கரைக்குத் திருப்பினார். “எம் பொண்ணு மேல சத்தியம், இனிமே நான் வரமாட்டேன். நீயும் வராதம்மா.”

அவரை எழில் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்றவரின் பயம் அது. ஆனால் திரும்பக் கிடைத்த உயிருக்கு அவள்தானே பதில் செய்ய வேண்டும்?

அன்று மாலை அவள் தனியாகப் போனாள். இடுப்புக் கயிற்றைத் தெப்பத்தில் கட்டிக்கொண்டு, பெருமாளை நினைத்து, துரட்டியால் வலையைத் தூக்கித் தூக்கிக் கத்தியால் அறுத்தாள். முதலில் விராலை விடுவித்தாள். அது ஒருகணம் அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல இறங்கியது. சிவப்புக் கூட்டம் பின்னாலேயே போயிற்று. கை தோல் உரிந்தது. தண்ணீருக்கடியில் யாரோ வேரிலிருந்து இழைகளைத் தளர்த்திக் கொடுப்பதுபோல, வலை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

கரையில் ஆளில்லை. வலையைத் தக்கைகள் ஒரு பக்கமாக மடித்தாள். அந்த நீலத் துணியாலேயே முடிச்சுப் போட்டாள்.

“எடுத்தாச்சு சார்,” என்றாள் மெதுவாக. “வூட்டுக்குப் போங்க.”

வலையைக் கோணியில் திணித்து, வாயைப் பிடித்துக் கரைமேல் இழுத்துக்கொண்டு நடந்தாள். ஈரக் கோணி சரளையில் சரக் சரக் என்று உராய்ந்தது. எடை தோளைப் பிய்த்தது.

பாதி தூரத்தில் உராயும் சத்தம் நின்றது.

கோணியின் பின்முனை தரையை விட்டு எழும்பியிருந்தது. எடை பாதியாயிற்று. முதுகுக்குப் பின்னால், ஈரக் கால் ஒன்றை எடுத்து ஒன்றை வைக்கும் சத்தம் கேட்டது.

எழில் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறவருக்கு எட்டும்படி, நடையை மட்டும் சற்றுக் குறைத்துக்கொண்டாள்.