கறுப்பின்மேல் கறுப்பு

கம்ப்யூட்டரின் காலி விண்டோவைப் புரோகிராமிடம் படிக்கச் சொன்னால் காலியிடம்தான் வரவேண்டும். ஒரு எழுத்து வந்தது.

சீனியருக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த சூடே ஆறாத புதுப்பொண்ணு ஒருத்தி, அவர் சி மொழியில் எழுதிய புரோகிராமில், காலியிடத்திலும் எழுத்து வருகிறதென்று குறை கண்டுபிடித்திருந்தாள். அதுவும் எல்லோர் முன்னாலும். கறுப்புத் திரையில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத்து நிற்கிறது என்று படித்துக் கீழ்வரியில் காட்டும் புரோகிராம். இதில் தப்பு விட அவர் என்ன கத்துக்குட்டியா? சாயங்காலக் கூட்டத்தில் அவளை வெளுத்து வாங்கி, வேலையை விட்டே துரத்திவிட வேண்டியதுதான்.

"மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே!" என்று முணுமுணுத்தபடி, எல்லோரும் சாப்பிடப் போய்விட்ட அந்த அறையில் ஏசியின் உறுமலும் சூடேறிய தூசியின் வாடையும் மட்டும் துணைக்கிருக்க, அடுத்தடுத்த கட்டங்களைப் படிக்க விட்டார். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்ந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

மூளைன்னு ஒண்ணு இருந்தாத்தானே.

எவனோ விளையாடுகிறான். கறுப்பின்மேல் கறுப்பாக எழுதினால் கண்ணுக்குத் தெரியாது, புரோகிராமுக்குத் தெரியும். இந்தச் சில்லறை வித்தையெல்லாம் அவரிடமா? வாய்விட்டுச் சிரித்தார்.

சத்தம் வரவில்லை.

ஏசி கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது கேட்டது. சிரிப்பு மட்டும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினார். ம்ஹூம், அதுவும் கேட்கவில்லை. மறுபடி படிக்க விட்டார்.

ஹாஹாஹா, என்றது கீழ்வரி.

கத்தினார். வாய் வலித்ததுதான் மிச்சம். குரல் அந்தக் கறுப்புக்குள் இருந்தது. அங்கே மட்டும்தான் இருந்தது.

கதவு திறந்தது. புதுப்பொண்ணு.

"என்ன சார், எழுத்து வருதா? நான் சொன்னப்போ சிரிச்சீங்களே."

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். திரையைக் காட்டினார். உதடு துடிக்க என்னவோ சொல்லிவிட்டு, படிக்கும் கீயைத் தட்டினார். எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

அம்மா தாயே, உன் கால்ல விழறேன், இதை மூடிடாதே.

படித்தவள் முகம் சுண்டிப்போயிற்று.

"முன்னாடியே டைப் பண்ணி வெச்சுக்கிட்டு நக்கலா சார்? உங்க வாய் என்னிக்குத்தான் அடங்குமோ!"

அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். அவள் சீ என்று உதறினாள். மூடும் கீயைத் தட்டினாள். கறுப்பு விண்டோ மறைந்தது.

"இப்ப சொல்லுங்க. நேரா, என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

அவர் வாய் திறந்தே இருந்தது. உள்ளே நாக்கு அசைந்துகொண்டே இருந்தது.